ரெண்டும் எரியுது

மேலகரத்தில் சிவனணைந்தபெருமாள் வீட்டு வண்டி கிளம்புவது தெருவுக்கே தெரிந்துவிடும். ஹாரன் சத்தத்தால் அல்ல. கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு பரிசோதனை நடக்கும். மனைவி சங்கரேஸ்வரி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவர் கைத்தடியும் கையுமாக வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இண்டிகேட்டர் இடது, வலது, ரிவர்ஸ், பிரேக் என்று வரிசையாகக் கூவுவார். அவள் ஒவ்வொன்றாகப் போடப் போட, எரியுது, எரியுது என்று பின்னாலிருந்து பதில் வரும். கடைசியில் 'ரெண்டும் எரியுது, ரைட்' என்று சொல்லிப் பின்கதவில் கைத்தடியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டு விழாமல் வண்டி வாசலை விட்டு நகர்ந்ததில்லை. பால் வாங்கப் போனாலும் சரி, பாபநாசம் போனாலும் சரி.

முப்பத்து நான்கு வருடம் போலீஸ் உத்தியோகம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் போக்குவரத்துப் பிரிவு. எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரில் எஸ்.ஐ. அண்ணாச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. உத்தியோகத்தில் இருந்தபோது, ஹெல்மெட் இல்லாதவனைக்கூட ஒரு தரம் திட்டி அனுப்பிவிடுவார். பின்விளக்கு எரியாத வண்டியை மட்டும் விடவே மாட்டார். சீசன் வந்துவிட்டால் அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் ஈரத்துணியைப் பின்கதவில் இடுக்கி, போகிற காற்றிலேயே காயட்டும் என்று தொங்கவிட்டுக்கொண்டு வரும். அது பின்விளக்கை மறைத்தால் போயிற்று. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, துண்டைத் தன் கையாலேயே உருவி, நாலாக மடித்து, உள்ளே இருக்கிறவர் மடியில் வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு. பொய்க் கேஸ் ஒன்றுகூட எழுதியதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. அந்தப் பெருமைக் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சங்கரேஸ்வரிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ஓய்வு பெற்ற மறுவருடமே சர்க்கரை தன் வேலையைக் காட்டியது. செருப்புக் கடி ஒன்று புண்ணாகி, வலது காலில் இரண்டு விரல்களைத் திருநெல்வேலியில் எடுக்க வேண்டியதாயிற்று. ராணுவத்தில் இருக்கும் மகன் குற்றாலீஸ்வரன் ஆசையாக வாங்கி விட்டுப்போன பெரிய வண்டி, ஏழு பேர் உட்காரக்கூடியது, ஆறு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கிடந்து என்ன செய்ய என்று, ஐம்பத்திரண்டு வயதில் சங்கரேஸ்வரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து ஓட்டினாள், அவ்வளவுதான். அவருக்கு மிஞ்சியது வண்டிக்குப் பின்னால் நிற்கிற வேலை. அதை அவர் டியூட்டி போலவே செய்தார். குறைத்துப் பேசினால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

விரலை எடுத்த டாக்டர் அன்றைக்கே ஒன்று சொல்லி அனுப்பினார். அடுத்தது கண்ணைப் பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தரம் கட்டாயம் காட்டிவிடுங்கள், ஆரம்பத்திலேயே வந்தால் நிறுத்திவிடலாம், போன பார்வையை யாராலும் திருப்பித் தர முடியாது. சிவனணைந்தபெருமாள் பவ்யமாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வந்து ஆட்டோவில் ஏறியதும், இனி ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் தன் பெயரை மாற்றிக் கூப்பிடு என்றார். இரண்டு வருடமாயிற்று. பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

சங்கரேஸ்வரியும் சும்மா இருந்தவள் இல்லை. கெஞ்சிப் பார்த்தாள், மகனை விட்டுப் பேசச் சொன்னாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். நல்லாத்தானே தெரியுது என்பார். தினம் ரெண்டு தரம் லைட்டு பாக்குதேன், எனக்கா கண்ணு தெரியாது என்பார். செய்தித்தாளைக் கொஞ்ச நாளாக அவளையே வாசிக்கச் சொன்னபோதுகூட, ஓய்வுக்கு அப்புறம் வந்த சோம்பல் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம், நல்ல சாரல். விருதுநகரிலிருந்து சங்கரேஸ்வரியின் தங்கை ஆனந்தவள்ளி, வீட்டுக்காரர், பிள்ளைகள் மூன்று பேர் என்று சீசனுக்கு வந்து இறங்கினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனார்கள். ஏழு பேர்தானா என்று எஸ்.ஐ. அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிய பிறகுதான் கதவைச் சாத்தவிட்டார். குளித்தார்கள், மிளகாய் பஜ்ஜி தின்றார்கள், பிள்ளைகள் மறுபடியும் போய்க் குளித்தார்கள். கிளம்பும்போது மணி ஆறு. வழக்கம்போல அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். வழக்கம்போல எல்லாம் எரிந்தது. ரெண்டும் எரியுது, ரைட். இரண்டு தட்டு.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்பக்கம் வந்த சங்கரேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

பின்கதவின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் காசித்துண்டு இடுக்கியிருந்தது. ஈரத்தில் கனத்துப்போய், இண்டிகேட்டரை மட்டும் விட்டுவிட்டு, இடது பக்கத்துப் பிரேக் விளக்கை முழுசாக மூடிக்கொண்டு தொங்கியது.

அது தங்கை வீட்டுக்காரருடைய துண்டு. எப்போது போட்டீர்கள் என்று கேட்டாள். அவர் நல்ல மனுஷர், கேட்டதற்கு மேலேயே சொல்லுவார். குளித்து வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போட்டேன் மதினி, நீங்களெல்லாம் பஜ்ஜிக் கடையில் நிற்கும்போதே போட்டுவிட்டேன், பாதி காய்ந்திருக்குமே என்றார். சிவனணைந்தபெருமாள் முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். கைத்தடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அப்படியென்றால் அந்தத் துண்டு தொங்கும்போதுதான் அவர் பரிசோதனை நடத்தியிருக்கிறார். விளக்குக்கும் அவருக்கும் இடையில் நான்கடி இருக்குமா? எத்தனை வண்டியை நிறுத்தி எத்தனை துண்டை உருவின மனுஷர். எதிரே ஒரு சிவப்பு தெரிந்திருக்கிறது. சிவப்பு தெரிந்ததும் எரியுது என்றிருக்கிறார். அவருடைய கண்ணுக்கு ஈரத்துண்டும் விளக்கும் ஒன்றாகிவிட்டிருந்தன. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் துண்டை உருவிப் பிழிந்து கொடியில் போட்டாள். உருவும்போது விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்து நிற்பது தெரிந்தது.

மறுநாள் காலையில் விருந்தாளிகளைத் தென்காசி ஸ்டேஷனில் கொண்டு விட வேண்டியிருந்தது. அன்றைக்குக் கால் வலிக்கிறது, நீ போய்ட்டு வா என்று அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. பரிசோதனை இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. கால் வலி என்றதும் அவளுக்குப் புண்ணின் ஞாபகம்தான் வந்தது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் மாரிராஜ் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். மாரிராஜ் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற எலக்ட்ரீசியன். எஸ்.ஐ. அண்ணாச்சி அவனை மூன்று தரம் பிடித்திருக்கிறார், மூன்றும் பின்விளக்குக்காக. நீயே இப்படி வந்தால் ஊர் எப்படிலே உருப்படும் என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டாராம். அதைச் சொல்லி அவனே சிரிப்பான்.

இடது விளக்குக்குள் தண்ணீர் கோத்திருக்கிற மாதிரி இருக்கிறது, பார் என்றாள். அவன் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்துச் சாய்த்தான். அரைத் தம்ளர் தண்ணீர் கொட்டியது. பல்பைத் திருகினான், வரவில்லை. நெம்பி எடுத்தபோது ஹோல்டரோடு பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே ஒரே பச்சைத் துரு.

"யக்கா, இது நேத்து இன்னைக்குப் போனதில்ல. இந்தப் பக்கம் பிரேக் லைட் எரிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணாச்சி தினமும் பாப்பாவளே?" என்றான்.

பார்க்கத்தான் செய்கிறார் என்றாள். அது பொய் இல்லை.

அவன் விளக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். உள்ளே தண்ணீர் வந்தால் வடிந்து போவதற்காகக் கம்பெனியிலேயே ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்களாம். அதை யாரோ எம்சீல் பசை வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. போன சீசனில், இந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் ஏறுகிறது, நான் அடைத்துவிட்டேன், இனி ஒரு பொட்டு இறங்காது என்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. நசுங்கின ரப்பர் வழியாக மேலிருந்து இறங்கிய தண்ணீர், போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது.

வலது பக்கத்து விளக்கும் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு கண் ஒரு மாதிரி, மறு கண் ஒரு மாதிரி இருக்கும் என்று மாரிராஜ் சொன்னான். அவள் இரண்டையும் மாற்றச் சொன்னாள். பக்கத்துக் கடையில் புது ஜோடி கிடைத்தது. பழைய வயர் முனைகளை வெட்டிப் புதிதாக முடிந்து, ரப்பருக்கு மேல் பசை தடவி, அடி ஓட்டையை ஒரு குண்டூசியால் குத்திப் பார்த்து மாட்டினான். சீசன் முடிந்ததும் ஒரு தரம் கழற்றித் துடைத்தால் போதும் யக்கா, ஓட்டையில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றான். பழைய இடது விளக்கை ஒரு பையில் போட்டுத் தரச் சொன்னாள். வீட்டில் இருக்கிறவர் சாட்சி இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்கிறவர் இல்லை.

வீட்டுக்கு வந்து அதை மேசையில் அவருக்கு முன்னால் வைத்தாள். வைத்ததும் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. விரலால் தடவினார். ஹோல்டருக்குள் விரலை விட்டுத் திருகி, நுனியில் ஒட்டிய துருவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அடியில் இருந்த எம்சீலைத் தடவியபோது விரல் அங்கேயே நின்றது.

"எத்தன நாளாம்?"

"ஒரு மாசத்துக்கு மேலன்னு சொல்லுதான்."

அவர் விளக்கை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்பம் அந்த எலுமிச்சம்பழ வண்டிக்காரப் பய சொன்னது நெசம்."

மூன்று வாரத்துக்கு முந்தின கதை அது. இலஞ்சிப் பக்கம் மாடு குறுக்கே வந்து சங்கரேஸ்வரி பிரேக் பிடித்தபோது, பின்னால் வந்த மினி லாரி பம்பரில் லேசாக இடித்துவிட்டது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியவன், கிதிர் முகம்மது என்று பெயர். அந்தப் பக்கம் லைட்டே எரியலையே அய்யா என்றான். சிவனணைந்தபெருமாளுக்கு வந்ததே கோபம். இப்பத்தானே நான் பார்த்துவிட்டு ஏறினேன், யாரிடம் பொய் சொல்கிறாய் என்று நடுரோட்டில் வைத்துக் கிழித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பையன் கடைசியில் கையைக் கூப்பி, தப்பு என்மேலதான் என்று சொல்லிவிட்டுப் போனான். பழைய பழக்கத்தில் அவன் நம்பரை வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியது அவள், அவர் சொல்லச் சொல்ல.

இப்போது சொல்லிவிடலாம் என்று துண்டு விஷயம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை. வண்டியைத் தொட முடியாமல் ஆக்கியாயிற்று, மிச்சமிருந்ததையும் பிடுங்குகிற ஆளாகத் தான் இருக்க வேண்டாம் என்று பார்த்தாள். அடுத்த நிமிடமே தன்மேல் ஆத்திரமாக வந்தது. இப்படி மனசு பார்த்துப் பார்த்துத்தானே இரண்டு வருடம் போயிருக்கிறது. அவருடைய பெருமையைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு கண்ணைப் பறிகொடுத்தால், அந்தப் பெருமையை அவர் எதை வைத்துப் பார்ப்பார்?

சாயங்காலம், வெளிச்சம் மங்குவதற்குள், புது லைட்டைப் பார்க்க வேண்டாமா என்று அவளே கூப்பிட்டாள். அவர் மெதுவாக வந்தார். சாரல் விட்டிருந்தது. அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். இண்டிகேட்டர் இரண்டும் சரி. அது விட்டுவிட்டு எரிவதால் தப்பாகச் சொல்ல வழியில்லை. ரிவர்ஸும் சரி, அது வெள்ளை.

"பிரேக்கு" என்றார்.

அவள் காலைப் பிரேக் மேல் கொண்டுபோனாள். மிதிக்கவில்லை. கால் காற்றில் நின்றது. அவர் எரியுது என்று சொல்லிவிட்டால், இறங்கிப் போய், நான் மிதிக்கவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் மத்தியானம் முழுக்க மனசில் ஒத்திகை பார்த்திருந்தாள். கட்டின புருஷனை இப்படிப் பொறி வைத்துப் பிடிக்கிறோமே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். அவர் குனிந்து, இடது விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். அப்புறம் வலது விளக்குக்கு வந்தார். மறுபடி இடதுக்குப் போனார்.

"சங்கரி" என்றார். "மிதிச்சிருக்கியா, இல்லையா?"

அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"எனக்குத் தெரியல" என்றார்.

அவள் இறங்கி ஓடிவந்தாள். அவர் பின்கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பங்குனியிலிருந்தே நடுவில் நூலாம்படை மாதிரி ஒன்று மிதக்குது, கையால தட்டிவிட்டா போகாது, அதுக்குப் பின்னால எல்லாம் கலங்கலாத்தான் இருக்கு என்றார். குத்துமதிப்பாகச் சிவப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏன் சொல்லவில்லை என்று அவள் கத்தியேவிட்டாள். ஆறு வீடு தள்ளிக்கூடக் கேட்டிருக்கும்.

"போனா விரலை எடுத்த மாதிரி இதையும் எடுத்துருவானுவளோன்னு பயந்துட்டேன்" என்றார். முப்பத்து நான்கு வருடம் காக்கிச் சட்டை போட்ட மனுஷர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் அவர் அலமாரியிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து அவளிடம் நீட்டி, புளியங்குடிக்காரன் நம்பரை வாசிக்கச் சொன்னார். அவளே போனில் போட்டுக் கொடுத்தாள். கிதிர் முகம்மதுக்கு முதலில் யார் என்றே புரியவில்லை; புரிந்ததும் பயந்துபோய், வண்டியில் வேறு ஏதும் சேதமா அய்யா என்று கேட்டான். அன்றைக்கு லைட் எரியவில்லை, நீ சொன்னதுதான் சரி, நான் உன்மேல் சொன்னது பொய்க் கேஸ் என்று சிவனணைந்தபெருமாள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, அதுக்கென்ன அய்யா, இப்பம் சரி பண்ணிட்டீங்கல்ல என்றான்.

"வண்டிய சரி பண்ணியாச்சுப்பா" என்றார். "நாளைக்கு என்னையக் கொண்டுபோறா."

மறுநாள் விடிந்ததும் திருநெல்வேலிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சாரல் மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கதவைப் பூட்டிவிட்டு வந்தபோது அவர் வண்டிக்குப் பின்னால் இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்குக்கு முன்னால் அவரைப் பார்க்கிறாள். வண்டி அணைந்துதான் கிடந்தது. குறைவிரல் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்திருந்தார்.

"நீ பின்னால போயி நில்லு. நான் மிதிக்கேன்."

அவள் போய் நின்றாள். இத்தனை நாள் உள்ளேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்த விளக்கை அவள் பின்னால் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் சிவப்பாகப் பளிச்சென்று பிடித்துக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் சாரல் ஒவ்வொரு துளியாக இறங்குவது தெரிந்தது. இதை அவர் எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அவர் காலை எடுக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"துண்டு ஏதும் தொங்கலையே?"

சங்கரேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் உட்கார்ந்திருந்தது, கைத்தடியைத் தேடுவதுபோலக் குனிந்தது, மறுநாள் கால் வலி என்று படுத்துக்கொண்டது எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இல்ல" என்றாள். "ஒண்ணும் தொங்கல. ரைட்."

பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.